பிள்ளையை நடனப் போட்டிக்கு அனுப்பலாமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல வருஷமாகப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். போட்டிகளுக்கு அழைத்துப் போயிருக்கிறேன், சில இடங்களில் ஜட்ஜாகவும் உட்கார்ந்திருக்கிறேன். வகுப்பு முடிந்து பிள்ளை செருப்பு மாட்டுகிற நேரத்தில் பெற்றோர் என்னிடம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இவைதான். வாசலில் நின்று சொல்கிற பதில் எப்போதும் பாதியில் நின்றுபோகிறது. அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் நேராகச் சொல்லுங்கள். நடனப் போட்டி பிள்ளைகளுக்கு நல்லதா?

ஆட ஆசைப்படுகிற பிள்ளை, அதற்குரிய வயது, பொறுப்பான ஆசிரியர் என்று மூன்றும் அமைந்தால் வருஷத்துக்கு இரண்டு மூன்று போட்டி நல்லதுதான். மாதத்துக்கு ஒரு போட்டி, அதற்காகவே வகுப்பு என்று ஆகிவிட்டால் நல்லதில்லை.

நான் பார்க்கிற அடையாளம் ஒன்று உண்டு. போட்டி எல்லாம் முடிந்த பிறகும் பிள்ளை வீட்டில் சும்மா ஆடுகிறதா? என்னிடம் படித்த ஒரு பெண் ஒன்பது வயதிலேயே வரிசையாக முதல் பரிசு வாங்கினாள். ஒரு நாள் அவள் அம்மா வந்து, "முன்னெல்லாம் பல் தேய்க்கும்போதுகூடக் கண்ணாடி முன்னால் ஆடிக்கொண்டேதான் தேய்ப்பாள் டீச்சர். இப்போது நேராக நின்று தேய்க்கிறாள்" என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த வருஷம் அவளை எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. வகுப்பில் அவளுக்குப் பிடித்த பாட்டாகப் போட்டு, அவளையே ஸ்டெப் அமைக்கச் சொன்னேன். மறுபடி கண்ணாடி முன்னால் ஆட ஏழெட்டு மாதம் ஆயிற்று. இங்கே நான் சொல்லப்போகிற பலதும் அவளிடம் கற்றுக்கொண்டது.

சாதாரண டான்ஸ் கிளாஸுக்கும் போட்டி நடனத்துக்கும் என்ன வித்தியாசம்?

வகுப்பில் பிள்ளை பலவிதமான அசைவுகளைக் கற்கிறது. போட்டிக்கு இரண்டு மூன்று நிமிட ஐட்டம் ஒன்றை எடுத்து மாதக்கணக்கில் மெருகேற்றுகிறது. வயதுப் பிரிவு, தனி நடனம், இருவர் நடனம், குழு நடனம் என்று பிரித்திருப்பார்கள். உடல் நேர்த்தி, தாளம், முகபாவம், மேடையைப் பயன்படுத்துகிற விதம் என்று ஜட்ஜுகள் மார்க் போடுவார்கள்.

இது புதிதாக வந்த பழக்கம் இல்லை. இங்கிலாந்தின் பிளாக்பூல் நடன விழா 1920-இல் தொடங்கியது. இளம் பாலே கலைஞர்களுக்கான லோசான் போட்டி சுவிட்சர்லாந்தில் 1973 முதல் நடக்கிறது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் (பிரேக் டான்ஸ்) நடனமே பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. அங்கே பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியவருக்கு 25 வயது, வெள்ளி வாங்கியவருக்கு 17. "ஆறு வயதில் போட்டியில் இறங்காவிட்டால் வண்டி போய்விடும்" என்று பதறுகிற பெற்றோரிடம் இதைத்தான் சொல்வேன்.

போட்டியில் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறை அந்த மூன்று நிமிடம்தான். ஒரே ஐட்டத்தை ஆறு மாதம் அரைத்தால் அந்த ஐட்டம் பளபளக்கும். ஆனால் புதுப் பாட்டு ஒன்றைப் போட்டு "ஆடு" என்றால் பிள்ளை திகைத்து நிற்கும். கோப்பை வாங்கிய பிள்ளைகள் பலர் அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

மேடை ஏற வயது தடையில்லை. நான்கு வயதுப் பிள்ளை மேடையில் பாட்டியைப் பார்த்துக் கையசைத்துவிட்டு இறங்கினாலும் அழகுதான். முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துவதற்குத்தான் வயது வேண்டும்.

ஏழு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு உழைப்பு வேறு, திறமை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. "நான் நன்றாக ஆடினேன், இன்னொரு பிள்ளை இன்னும் நன்றாக ஆடியது" என்பது அந்த வயதில் மனசில் நிற்காது. "எனக்குக் கொடுக்கவில்லை" என்பது மட்டும்தான் நிற்கும். அதனால் எட்டு வயதுக்கு அப்புறம், அதுவும் முதலில் குழு நடனத்தில் அனுப்புங்கள். தனி நடனம் பத்து வயதைத் தாண்டட்டும். மேலே சொன்ன லோசான் போட்டியே 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களைத்தான் சேர்க்கிறது.

போட்டியால் உண்மையிலேயே என்ன கிடைக்கிறது?

நடனத்தால் கிடைக்கிறது என்ன, போட்டியால் கிடைக்கிறது என்ன என்று முதலில் பிரித்துக்கொள்வோம். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்புக்கு வலு தரும் அசைவுகளும் வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்கிறது. குதிப்பதும் தரையில் காலைத் தட்டுவதும் அதில் அடக்கம். இது, தாளம், ஞாபகசக்தி எல்லாம் போட்டிக்குப் போகாமலே கிடைக்கும்.

போட்டி தருவது வேறு. குறிப்பிட்ட ஒரு தேதிக்குள் ஒரு வேலையை முடிக்கிற பழக்கம். தன்னைவிட நன்றாக ஆடுகிற பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற வாய்ப்பு. தப்பு நடந்தால் சமாளித்து மேலே போகிற துணிச்சல்.

ஒரு முறை எங்கள் பிள்ளைகள் ஆறு பேர் ஆடிக்கொண்டிருக்கும்போது பாட்டு நடுவில் நின்றுவிட்டது. எனக்குக் கை கால் சில்லிட்டுப்போனது. முன்வரிசையில் இருந்த பையன் நிற்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அவன் பாதம் தரையில் விழுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்து பேரும் தொடர்ந்தார்கள். பதினாறு எண்ணிக்கை கழித்துப் பாட்டு திரும்பி வந்தபோது அவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள், பாட்டு வேறு இடத்தில் இருந்தது. ஆனாலும் ஒருவரும் கலையவில்லை. பரிசு வரவில்லை. அந்தப் பையன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முதலில் பேசுவது அந்தப் பதினாறு எண்ணிக்கையைப் பற்றித்தான்.

தோற்றால் பிள்ளை மனசு உடைந்துவிடாதா?

அழும். அழட்டும். அரை மணி நேரம் அழுதுவிட்டு மறுநாள் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. காயம் ஆழமாகப் படுவது பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான்.

"அந்த இடத்தில் ஏன் சொதப்பினே?" என்று கேட்காதீர்கள். "ஜட்ஜ் சரியில்லை, ஆள் பார்த்துக் கொடுத்துட்டாங்க" என்றும் சொல்லாதீர்கள். ஆறுதல் போலத் தெரிந்தாலும், உழைப்பில் பலனில்லை என்றுதான் பிள்ளை அதைப் புரிந்துகொள்கிறது. "நீ ஆடினதைப் பார்க்க எனக்குப் பிடிச்சிருந்தது" என்று சொல்லுங்கள். அப்புறம் ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருங்கள். மார்க் தாள் கொடுத்திருந்தால் இரண்டு நாள் கழித்து ஆசிரியரோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.

அழுகை வாரக்கணக்கில் தொடர்ந்தாலும், போட்டிக்கு முன்னால் வாந்தி, வயிற்றுவலி, தூக்கமின்மை என்று ஒவ்வொரு முறையும் வந்தாலும் அதை மேடை பயம் என்று தள்ளிவிடாதீர்கள். நிறுத்தி, என்னவென்று பாருங்கள்.

பரிசு இருந்தால்தானே பிள்ளைக்கு உற்சாகம் வரும்?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 1973-இல் அமெரிக்க உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நர்சரிப் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, "வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் வைத்திருந்து, வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள், மற்ற இரண்டு பிரிவுப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை.

இதைப் படித்ததும் எனக்குப் பல் தேய்க்கிற அந்தப் பெண் ஞாபகம்தான் வந்தது. கோப்பை கிடைப்பதில் தப்பில்லை. கோப்பைக்காக மட்டும் ஆடுகிற நிலை வரும்போதுதான் ஆசை வற்றுகிறது. ஆகவே "ஜெயித்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்" என்று பேரம் பேசாதீர்கள். சைக்கிள் வாங்கிக் கொடுக்க நினைத்தால் சும்மாவே வாங்கிக் கொடுங்கள்.

காயம் ஆகுமா? எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய பகுதி உண்டு. வளர்ச்சி முடிகிற வரை அது முழு எலும்பைப் போல உறுதியாக இருக்காது. திரும்பத் திரும்பக் குதிக்கிற பிள்ளைக்குக் குதிகால் பின்புறம் வலிக்கலாம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிக்கலாம். இரண்டும் வளர்கிற வயதில் சகஜம், குதிப்பைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் சரியாகும். "ஆட ஆட வலி போயிடும்" என்று தொடர்ந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

சுமாராகப் பெண்பிள்ளைகள் 12 வயதிலும் ஆண்பிள்ளைகள் 14 வயதிலும் வேகமாக உயரம் கூடுகிறார்கள். அந்தச் சமயத்தில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். நேற்று வரை தரையைத் தொட்ட கை இன்று எட்டாது. சுழன்றால் தடுமாறும். பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பிள்ளைக்கே தெரியாது, ஆசிரியர் "கவனம் இல்லை" என்று திட்டுவார். நானும் திட்டியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த ஒரு வருஷம் கடினமான ஐட்டம் வேண்டாம், ஏற்கெனவே தெரிந்ததையே மெதுவாகச் செய்யட்டும்.

முதுகை வில்லாகப் பின்னால் வளைக்கிற அசைவுகள் போட்டிகளில் கைதட்டல் வாங்கும். அதையே நாளுக்கு நூறு முறை செய்தால் இடுப்பு முதுகெலும்பில் நுண்ணிய முறிவு ஏற்படலாம். பின்னால் வளையும்போது இடுப்பின் ஒரு பக்கத்தில் வலி என்று பிள்ளை சொன்னால் தைலம் தேய்த்துவிட்டு அனுப்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீனாவில் நடன வகுப்பில் இப்படிப் பின்னால் வளைந்த சின்னப் பிள்ளைகள் சிலருக்குத் தண்டுவடமே பாதிக்கப்பட்டுக் கால் செயலிழந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் தெரியாமலே அப்படி நடந்திருக்கிறது. வளைந்த பிறகு கால் மரத்துப்போகிறது, வலுவில்லை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

இன்னும் இரண்டு. காலை அகட்டி உட்காரும் பயிற்சியில் யாரும் பிள்ளையின் தோளிலோ தொடையிலோ அழுத்தக் கூடாது, அது எந்த மாஸ்டராக இருந்தாலும் சரி. அரைமண்டியில், அதாவது முழங்காலை வெளிப்பக்கமாக மடக்கிப் பாதி உட்காரும் நிலையில், முழங்கால் பாத விரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். பாதத்தை மட்டும் வெளியே திருப்பிவிட்டு முழங்கால் உள்ளே சாய்ந்தால் வருஷங்கள் போகப்போக முழங்கால்தான் அதற்கு விலை கொடுக்கும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி சரி?

விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிற எளிய கணக்கு: வாரப் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பத்து வயதென்றால் வாரம் பத்து மணி நேரத்துக்குள். இதில் வகுப்பு, ரிகர்சல், தனிப் பயிற்சி, பள்ளி ஆண்டுவிழாப் பயிற்சி எல்லாம் சேர்த்தி. இரண்டு மாஸ்டரிடம் போகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் தன் வகுப்பை மட்டும்தான் எண்ணுகிறார்கள். நீங்கள்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த ஆட்டத்திலிருந்து விடுப்பு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்கிறது. விடுப்பை ஒவ்வொரு மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். இரவுப் பத்தரை மணி ரிகர்சலை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது?

"கொஞ்சம் உடம்பைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்று மாஸ்டர் சொல்கிறார். என்ன செய்வது?

வளர்கிற பிள்ளையிடம் எடை குறைப்புப் பேச்சே கூடாது. ஆட்டத்துக்குத் தேவையான அளவு சாப்பிடாத பிள்ளைக்கு எலும்பு பலவீனமாகும், காயம் ஆறாது, பெண்பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே இதைத் தனியாக ஒரு பெயரிட்டு எச்சரித்திருக்கிறது. மாதவிடாய் நிற்பதைக் "கடுமையான பயிற்சியில் சகஜம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாஸ்டரிடம் மரியாதையாக ஒரு முறை சொல்லிப் பாருங்கள். மறுபடியும் பேசினால் வகுப்பை மாற்றுங்கள்.

பாட்டும் காஸ்ட்யூமும் வயதுக்கு மீறி இருக்கிறது. நான் கேட்டால் பழமைவாதி என்று நினைப்பார்களோ?

நினைத்தால் நினைக்கட்டும், கேளுங்கள். பாட்டின் வரிகளை உங்கள் பிள்ளைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் அந்தப் பாட்டு வேண்டாம். ஐட்டம் முடிவாவதற்கு முன்பே பாட்டையும் உடையையும் காட்டச் சொல்லுங்கள். தைத்து முடித்த பிறகு சொன்னால் யாருக்கும் சங்கடம்.

செலவு எவ்வளவு ஆகும்?

நுழைவுக் கட்டணம் மட்டும்தான் முதலில் கண்ணில் படும். அப்புறம் கோரியோகிராபி, காஸ்ட்யூம், மேக்கப், பாட்டு எடிட்டிங், பயணம், தங்குமிடம், தனிப் பயிற்சி என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனிக் கட்டணம் என்பதால் மூன்று ஐட்டம் என்றால் மூன்று மடங்கு. வருஷ ஆரம்பத்திலேயே முழுக் கணக்கையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கடன் வாங்கிப் போகிற அளவுக்கு எந்தப் போட்டியும் இல்லை. வீட்டில் பணக் கஷ்டம் தெரிந்த பிள்ளை அந்தப் பாரத்தையும் சுமந்துகொண்டுதான் மேடை ஏறுகிறது.

நல்ல ஆசிரியரை எப்படித் தெரிந்துகொள்வது?

கோப்பை அலமாரியைப் பார்க்காதீர்கள். ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து கடைசி வரிசையைப் பாருங்கள். கடைசி வரிசைப் பிள்ளையின் பெயர் ஆசிரியருக்குத் தெரிகிறதா, அதன் பக்கம் ஒரு முறையாவது போகிறாரா? கையைப் பிடித்துத் திருத்துவதற்கு முன்னால் "தொடலாமா?" என்று கேட்கிறாரா? வலிக்கிறது என்றால் நிறுத்துகிறாரா? பெற்றோர் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்துகிற இடத்தில் சேர்க்காதீர்கள். பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்புகிற வழக்கம் உள்ள இடமும் வேண்டாம்.

பையன்களை அனுப்பலாமா? கேலி செய்வார்களே?

தாராளமாக அனுப்புங்கள். கேலி பெரும்பாலும் வெளியில்தான், வகுப்புக்குள் இருக்காது. வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பையன் எதையும் தாங்குவான்.

நிறுத்திவிடுகிறேன் என்கிறாள். விட்டுவிடுவதா, வற்புறுத்துவதா?

எதை நிறுத்த வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நடனத்தையா, போட்டியையா, அந்த மாஸ்டரையா, குழுவில் இருக்கிற ஒரு பிள்ளையையா? தோற்ற அன்று சொன்னதா, ஒரு மாதமாகச் சொல்கிறாளா? போட்டியை மட்டும் விட்டுவிட்டு வகுப்பில் தொடர்ந்த பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர். சிலர் இரண்டு வருஷம் கழித்துத் தாங்களாகவே மறுபடி பெயர் கொடுத்தார்கள்.

குழு நடனத்தில் பெயர் கொடுத்துவிட்டால் அந்த ஒரு நிகழ்ச்சியை முடித்துவிட்டு விலகச் சொல்லலாம், மற்ற பிள்ளைகள் நம்பியிருக்கிறார்கள். ஆனால் வலி, பயம், யாரோ தப்பாக நடந்துகொண்டது என்று காரணம் இருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

போட்டிக்குப் போகாமலே நல்ல நடனக் கலைஞராக முடியுமா?

முடியும். மேடை நிகழ்ச்சிகள், தேர்வுகள், பட்டறைகள், நாலு பிள்ளைகள் சேர்ந்து தாங்களே ஒரு நடனம் அமைப்பது என்று வழி நிறைய இருக்கிறது. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இவைதான் பொருத்தம் என்பது என் அனுபவம்.

போட்டி அன்று நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

சீக்கிரம் போங்கள். பாட்டை இரண்டு இடத்தில் வைத்திருங்கள். ஊக்கு, ஊசி நூல், தண்ணீர், ஒரு ஜோடி மாற்று உடை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து இருபது நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளட்டும், முடிந்தால் காலியாக இருக்கும்போது மேடையில் ஒரு முறை நடந்து பார்க்கட்டும். தரை வழுக்குமா என்று காலுக்குத் தெரிய வேண்டும். மேடைக்குப் பின்னால் நின்று ஸ்டெப்பைத் திருத்தாதீர்கள், அந்த நேரத்தில் எதுவும் ஏறாது. தன் ஐட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் இன்னும் நாலைந்து பிள்ளைகளின் ஆட்டத்தை உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக்கு வருகிற வழியில் அதில் எது பிடித்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள்.